கதிரைக்குப் பின்னால் விட்ட இடம்

பெனடிக்ற் நல்ல மனிதர்தான். ஆனால் வாயைத் திறந்து 'இல்லை' என்று ஒரு சொல் சொல்லத் தெரியாத நல்ல மனிதர். அந்த வகை ஆட்களால் வரும் வில்லங்கம் கொஞ்சநஞ்சமல்ல. அதுவும் உடனே வந்து தொலையாது. பத்து இருபது வருடம் பேசாமல் கிடந்துவிட்டு, எல்லோரும் மறந்த நேரம் பார்த்து வீட்டுப் படலையைத் தட்டும்.

அவருடைய லூசியா ஸ்ரூடியோ மன்னார் பட்டினத்தில், சந்தைக்குப் பின்தெருவில் இருக்கிறது. இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றின் நாடியைப் பிடித்து நேராக்கி அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மங்கையற்கரசி வந்து வாங்குப் பலகையில் இருந்தாள். அடம்பனுக்கு அப்பால், கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயற்கரை ஊர்க்காரி. நாற்பதைத் தாண்டிய பெண். அவளுடைய கலியாணத்துக்கே பெனடிக்ற்தான் படம் எடுத்தவர். பிள்ளை காசைக் கொடுத்துவிட்டுப் போகும்வரை பொறுத்திருந்து, பிறகு கண்ணாடி மேசையில் இரண்டு சாமான்களை வைத்தாள். ஒன்று, போன வருடம் அவர்களுடைய ஊர்ப் பிள்ளையார் கோயில் கும்பாபிசேகத்துக்கு வெளியிட்ட மலர். மற்றது ஒரு கடிதம்.

காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க வந்த குழுவின் கடிதம் அது. மூன்று மொழியிலும் இருந்தது. தமிழ்தான் மூன்றிலும் கேவலமாக இருந்தது. ஆனால் சொல்ல வந்தது விளங்கியது. நடராசா அகிலன் என்பவர் 1990ஆம் ஆண்டு ஆவணி மாதம் கொண்டுசெல்லப்பட்டதாகத் தாயார் முறைப்பாடு செய்துள்ளார். ஆயினும் அவர் 1995ஆம் ஆண்டு தை மாதம் தமது சகோதரியின் விவாகத்துக்குச் சமுகமளித்திருந்தமை தாயாரின் வாய்மொழியிலிருந்தும், தாயார் சமர்ப்பித்த நூலின் 31ஆம் பக்கத்துப் புகைப்படத்திலிருந்தும் தெரியவருகிறது. ஆகவே கோப்பை மூடுவதற்கு உத்தேசிக்கப்படுகிறது. விளக்கம் இருப்பின் எதிர்வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரவும்.

பெனடிக்ற் இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரம் வாசிப்பதுபோல் பாவனை செய்தார்.

"அண்ணை, உந்தப் படம் என்ன படம் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே," என்றாள் மங்கை. "ஒட்டின படம் எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. நான் கொண்டுபோய்க் குடுக்கிறன். அம்மாக்குத் தெரியத் தேவையில்லை."

"உன்ரை அம்மாக்குத் தெரியும்தானே, பிள்ளை. அவதானே ஒட்டச் சொல்லிக் கேட்டவ."

"கேட்டவ. முதல் கொஞ்சக் காலம் ஆர் வந்தாலும் அப்பிடித்தான் சொல்லுவா, பெனடிக்ற் தம்பி ஒட்டித் தந்த படம் எண்டு. முகாமிலை இருந்து வந்தாப் பிறகு அந்தக் கதையை விட்டிட்டா. இப்ப கலியாணத்துக்கு அண்ணா வந்தவன் எண்டுறா. நான் வரேல்லை எண்டு சொன்னால், நீ மணவறையிலை தலையைக் குனிஞ்சு கொண்டிருந்தனி, உனக்கென்ன தெரியும் எண்டு ஏசுறா."

அவள் அழவில்லை. அழுது முடித்தவர்கள் பேசுகிற மாதிரிப் பேசினாள். பெனடிக்ற் மலரைப் புரட்டி முப்பத்தோராம் பக்கத்தை எடுத்தார். தன் கைவேலை தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் படத்தின் கதை இதுதான்.

தொண்ணூறாம் ஆண்டு ஆவணி மாதம், பத்தொன்பது வயது அகிலன், நெல்லு மூட்டைகளை உழவு மிசினில் ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போனவன். சந்தியில் மறித்து இறக்கினார்கள். மிசினும் நெல்லும் அன்றைக்குப் பின்னேரமே வீட்டுக்கு வந்துவிட்டன. அவன் வரவில்லை. இறக்கியவர்கள் யார் என்று தாய் மனோன்மணி எத்தனையோ அரசாங்கக் கந்தோர்களில் பெயர் சொல்லிச் சொன்னாள். எல்லாக் கந்தோரிலும் அடையாளம் தெரியாத நபர்கள் என்றுதான் எழுதினார்கள். அவளுக்கு அடையாளம் தெரிந்திருந்தது. எழுதுகிறவர்களுக்குத் தெரியவில்லை.

ஐந்து வருடம் கழித்து, பேச்சுவார்த்தை என்று பாதை திறந்திருந்த கொஞ்ச நாளில், தை மாதம் மங்கையின் கலியாணத்தை ஒப்பேற்றினார்கள். பெனடிக்ற் மன்னார்த் தீவிலிருந்து பஸ் ஏறிப் பாலம் கடந்து படம் எடுக்கப் போனார். கோயில் மண்டபத்துக்கு முன்னால் குடும்பத்தை நிறுத்தினார். பெரியவர்களுக்குக் கதிரை, மற்றவர்கள் பின்னால் வரிசை. எல்லாம் சரியாக வந்த நேரம் மனோன்மணி கதிரையில் இருந்தபடி திரும்பிப் பார்த்து, "என்ரை கதிரைக்குப் பின்னாலை ஆரும் நிக்கவேண்டாம். இடத்தை விடுங்கோ," என்றாள். ஒரு ஆள் நிற்கிற இடம். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மைத்துனன் ஒருவன் ஒதுங்கி நின்றான்.

பெனடிக்ற் அப்படியே ஒரு படம் எடுத்தார். எடுத்து முடிய அவள் சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, அகிலனின் பள்ளிக்கூடக் காலத்துச் சின்னப் படம் ஒன்றை நீட்டினாள். "இதை அதிலை வைச்சுத் தருவியளோ, தம்பி?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தலை மட்டும் இருக்கிறது அக்கா, உடம்புக்கு எங்கே போவது என்று கேட்டிருக்கலாம். இவர் என்ன செய்தார் தெரியுமா? கமராவைத் தானாக அமத்தும்படி வைத்துவிட்டு, ஓடிப்போய்த் தானே அந்த இடத்தில் நின்றார். நிழல் சரியாக விழும், உயரமும் பொருந்தும், தலையை மட்டும் மாற்றினால் போதும் என்பது அவருடைய கணக்கு. நாற்பது வயதை நெருங்கியும் ஒல்லியாகத்தான் இருந்தார். நின்றவரை மனோன்மணி திரும்பிப் பார்த்தாள். "அவன் இப்பிடி நிக்கமாட்டான்," என்று சொல்லி, அவருடைய வலக்கையைப் பிடித்துத் தன் தோளில் வைத்தாள். கமரா அமத்தியது.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் மினக்கெட்டார். சின்னப் படத்தைப் பெருப்பித்து, தலையை பிளேட்டால் வெட்டி, தன் தலை இருந்த இடத்தில் ஒட்டி, விளிம்பெல்லாம் தூரிகையால் மை தொட்டு மறைத்து, ஒட்டினதைத் திருப்பியும் படம் எடுத்தார். கறுப்பு வெள்ளை என்றபடியால் ஒப்பேறியது. கழுத்தில் ஒரு சின்னக் கோடு, அதுவும் தெரிந்தவன் பார்த்தால்தான் தெரியும். கையை அவர் தொடவில்லை. தலையைப் பார்க்கிறவர்கள் கையைப் பார்க்கமாட்டார்கள் என்பது தொழில் சொல்லிக் கொடுத்த பாடம்.

இதற்குப் பிறகு அந்தக் குடும்பம் எத்தனை தரம் ஓடியது என்று எண்ணிச் சொல்ல அவர்களுக்கே தெரியாது. கடைசி ஓட்டத்துக்குப் பிறகு முகாமில் காய்ச்சல் வந்து நடராசா செத்துப்போனார். இரண்டாயிரத்துப் பத்தில் ஊருக்குத் திரும்பி வந்தபோது மனோன்மணியின் பொலித்தீன் பையில் காணிப் பத்திரம், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், இந்தப் படம், இவ்வளவும்தான் மிச்சம். பள்ளிக்கூடக் காலத்துச் சின்னப் படம் எந்தத் தண்ணீரில் போனதோ தெரியாது. ஆக, அகிலனின் முகம் இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது பெனடிக்ற்றின் கழுத்துக்கு மேலேதான்.

அவளுக்கு மட்டுமல்ல, ஊருக்கும் அதுதான் மிஞ்சிய ஒரே பழைய படம். கும்பாபிசேக மலருக்குப் பழைய படம் தேடி வீடு வீடாகப் போன கோயில் சபைக்காரருக்கு வேறொன்றும் அகப்படவில்லை. அந்தப் படத்தில் இடிந்துபோன பழைய மண்டபத்தின் தூண் இருந்தது, கிணற்றுக்கட்டு இருந்தது, செத்துப்போன பதினொரு பேர் சிரித்துக்கொண்டு நின்றார்கள். மலரைத் தயாரிக்கும் வேலை லூசியா ஸ்ரூடியோவுக்கு வந்தது. மனோன்மணி கடைக்கு வந்து கதிரையில் இருந்து, படத்தில் நிற்கிறவர்களின் பெயரை இடமிருந்து வலமாகச் சொல்ல, பெனடிக்ற் கணினியில் அடித்தார். கதிரைக்குப் பின்னால் வந்ததும், "என்ரை மகன், நடராசா அகிலன்," என்றாள்.

விரல் ஒரு நிமிடம் நின்றது. பிறகு அடித்தார். என்ன சொல்வது? பெத்த தாய் எதிரே இருந்து சொல்லுகிறாள். மங்கையும் அச்சுப் பிழை பார்த்தாள், கோயில் தலைவரும் பார்த்தார், ஐயரும் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாவம், அந்த மனிசி சந்தோசப்படட்டும் என்று ஊரே சேர்ந்து விட்ட பிழை அது. அச்சடித்துப் புத்தகமாகிவிட்டதல்லவா, பிறகு அது பிழையல்ல. முந்நூறு பிரதி வரலாறு. எனக்கு இப்படி ஒரு மகன் இருந்தான் என்று காட்ட வேறொன்றும் இல்லாத மனோன்மணி, விசாரணைக்குழு வந்தபோது அந்தப் புத்தகத்தைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"கடிதம் எழுதுவம்," என்றார் பெனடிக்ற். "கடிதத்தோடை அத்தாட்சியும் வேணும். முதல் எடுத்த படத்தின்ரை நெகடிவ் இருக்கோ எண்டு பாக்கிறன்."

மங்கை போன பிறகு கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய், மேல்பலகையில் கிடந்த பிஸ்கற் தகரங்களை இறக்கினார். தொண்ணூறுக்கு முந்திய நெகடிவ்கள் அதில் இல்லை. அந்தக் காலம் யாருடைய முகம் யாருக்கு ஆபத்தாகும் என்று சொல்ல முடியாமல் ஒருநாள் எல்லாவற்றையும் கிணற்றடியில் போட்டுக் கொளுத்தியவர். பிறகு வந்தவை இருந்தன. உப்புக்காற்றுப் பட்டு உறையோடு ஒட்டிக் கிடந்தன. மனைவி றோஸ்மேரி மீன் கழுவிய கையோடு வாசலில் வந்து நின்று விசயத்தைக் கேட்டாள். கேட்டு முடித்துச் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றது.

"இஞ்சேருங்கோ, அந்த மனிசிக்கு ஆர் சொல்லப்போறது?"

"தெரியாமலே அலுவலை முடிக்கலாம்."

"முடிக்கலாம். நீங்கள் எல்லாத்தையும் ஒட்டி மறைச்சு முடிக்கிற ஆள்தானே," என்றாள். "ஒட்டினவர்தான் உரிக்கவேணும். நானோ போய் உரிக்கிறது?"

மூன்றாவது தகரத்தில் அது அகப்பட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கறுப்பும் வெள்ளையும் தலைகீழாக, வரிசையின் நடுவே ஒரு இடம். அன்றைக்கே படமாக்கினார். குடும்பம் முழுவதும் கமராவைப் பார்க்கிறது. மனோன்மணி மட்டும் கதிரையில் இருந்தபடி தலையைக் கொஞ்சம் திருப்பி, பின்னால் யாரும் இல்லாத இடத்தைப் பார்க்கிறாள். பெனடிக்ற் முப்பத்தைந்து வருடமாகப் படம் எடுக்கிறவர். இதைப்போல ஒரு படம் தான் எடுத்ததே இல்லை என்று அவருக்குப் பட்டது. எடுத்த அன்று இதைக் கழிவுப் படம் என்று உறையில் எழுதி வைத்திருந்தார்.

புதன்கிழமை அந்தப் படத்தை உறையில் போட்டுக்கொண்டு மனோன்மணியின் வீட்டுக்குப் போனார். சொல்லிவிடுவது என்று தீர்மானம். பஸ்ஸில் இருந்த நேரமெல்லாம் அதற்கு வசனம் கட்டினார்.

வீட்டுத்திட்ட வீடு. சுவருக்கு இன்னும் பூச்சுப் பூசவில்லை. மனோன்மணி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுபத்துநான்கு வயது. கண் தெளிவு, பேச்சும் தெளிவு. சுவரில் நடராசாவின் படத்துக்கு மாலை போட்டு, குங்குமம் வைத்திருந்தது. பக்கத்தில் கலியாணப் படம். அதற்கு மாலையில்லை. நெற்றியில் பொட்டும் இல்லை. இருக்கிறவனுக்கு யார் மாலை போடுவார்கள்?

"வாங்கோ தம்பி. இருங்கோ. நாளைக்கு நீங்களும் வாறியளாம், மங்கை சொன்னவள். நல்லது. நீங்களும் அண்டைக்கு நிண்டனீங்கள்தானே. அவன் வந்தவன் எண்டு சொல்லுங்கோ. அவன் ஐஞ்சு வரியம் பிடிச்சு வைச்சவையளிட்டை இருந்து ஒருநாள் வந்திட்டுப் போனவன் எண்டால் எங்கையோ இருக்கிறான் எண்டுதானே அருத்தம்? இவையளுக்கு அது விளங்கேல்லை."

பெனடிக்ற் உறையை மடியில் வைத்தார். "அக்கா, அண்டைக்கு அகிலன் வந்தது... உங்களுக்கு நல்லா ஞாபகமோ?"

"என்ன கதை கதைக்கிறியள்? பெத்தவளுக்கு ஞாபகம் இல்லையோ?" அவள் சுளகைக் கீழே வைத்தாள். "பந்தியிலை நான்தான் அவனுக்குப் பரிமாறினனான். கத்தரிக்காய்க் கறி வைக்கப் போக, இலையைக் கையாலை மறைச்சுப்போட்டான். சின்னனிலை கத்தரிக்காய் எண்டால் அவனுக்கு உயிர், தம்பி. பிடிச்சு வைச்ச இடத்திலை என்னத்தைக் குடுத்து அவனை இப்பிடி மாத்திப்போட்டாங்களோ எண்டு எனக்கு நெஞ்சு பத்தினது."

பெனடிக்ற்றுக்குக் கத்தரிக்காய் தின்றால் மேலெல்லாம் தடிக்கும். சின்ன வயதிலிருந்து தொடுவதில்லை.

"மூண்டு மணி பஸ்ஸுக்கு நிண்டு அவதிப்பட்டான். பாலத்திலை மறிச்சுப்போடுவாங்கள் அம்மா எண்டான். நான் ஒரு சீப்பு வாழைப்பழம் பையிக்கை வைச்சு விட்டனான். படலையடியிலை நிண்டு திரும்பிப் பாத்துக் கையைக் காட்டினவன்." அவள் தன் வலத் தோளைத் தொட்டாள். "படத்துக்கு நிக்கேக்கை இதிலை கையை வைச்சவன். அந்தச் சூடு இப்பவும் கிடக்கு."

பெனடிக்ற் தன் வலக்கையை மெல்ல எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு அதற்கு மேல் இருந்தார். வயது அறுபதை நெருங்கிய ஆள், பள்ளிக்கூடத்தில் அடிக்குப் பயந்த பிள்ளை மாதிரி. தேத்தண்ணீர் வந்தது. இடக்கையால் குடித்தார்.  உறையைத் திறக்காமலே எழும்பி வந்துவிட்டார்.

வீட்டில் றோஸ்மேரி கதை முழுவதையும் கேட்டாள்.

"அந்த வாழைப்பழம் நானும் திண்டனான்," என்று கடைசியில் சொன்னாள்.

வியாழக்கிழமை, மன்னார்ப் பட்டினத்தில் விசாரணை நடந்த மண்டபம் நிறையப் பெண்கள். ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு படம், ஒரு பை. பெனடிக்ற் சுற்றிப் பார்த்தார். பாதிப் படம் லூசியா ஸ்ரூடியோ முத்திரையோடு இருந்தது. எத்தனை முகத்துக்குத் தன் கடையில் தொங்கும் இரவல் கோட்டையும் கழுத்துப் பட்டியையும் போட்டுவிட்டிருக்கிறார் என்று எண்ணத் தொடங்கி, பயந்து நிறுத்தினார்.

பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் வயதான அதிகாரி ஒருவர். தமிழ் தெரியாது. மரியாதையான மனிதர், மனோன்மணி கதிரையில் இருக்கும்வரை தானும் உட்காரவில்லை. பக்கத்தில் மொழிபெயர்க்க, கண்டிப் பக்கத்துப் பெண்பிள்ளை. மனோன்மணி பத்து நிமிடம் பேசினால் அந்தப் பிள்ளை ஒரு நிமிடம் பேசியது. அதிகாரி இரண்டு வரி எழுதினார்.

பெனடிக்ற்றின் கடிதத்தை அந்தப் பிள்ளை சிங்களத்தில் வாசித்துக் காட்டியது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கடிதம் யாரும் எழுதலாம்னு ஐயா சொல்றாரு," என்றது பிள்ளை, பெனடிக்ற்றுக்கு மட்டும் கேட்க. "படம் ஒட்டினதுங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

பெனடிக்ற் உறையிலிருந்து வெற்றிடப் படத்தை எடுத்து, மனோன்மணிக்குப் படாமல் சரித்து நீட்டினார். அதிகாரி அதையும் மலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு மென்மையாகத்தான் சொன்னார். பிள்ளை அதைத் தணிந்த குரலில் பெனடிக்ற்றுக்குத் தமிழில் சொன்னது.

"இது வேற நேரம் எடுத்ததா இருக்கலாம். அவர் அந்த நேரம் சாப்பிடப் போயிருக்கலாம். பிறகு வந்து நின்னிருக்கலாம். அம்மாவே வந்தாருன்னுதானே சொல்றாங்க."

அதுவும் நியாயம்தான். ஆள் இல்லாத இடத்தைப் படம் எடுக்கலாம். அவன் எங்கே என்பதை எந்தக் கமராவாலும் எடுக்க முடியாது. பெனடிக்ற் மங்கையைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனோன்மணி தன்னைப் பார்ப்பது தெரிந்தது. சொல்லுங்கோ தம்பி, நீங்களும் நிண்டனீங்கள்தானே என்கிற பார்வை. இப்போது பேசாமல் இருந்தால் அவளுடைய மகன் கலியாணத்துக்கு வந்தவனாக இருப்பான். கோப்பு மூடப்படும். இனி அவனை எங்கே என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். பேசினால் கேட்பார்கள், ஆனால் அவன் அவள் கையால் ஒரு பிடி சோறு தின்னாதவன் ஆகிவிடுவான்.

அவர் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து மலரின் மேல் வைத்தார். பிறகு தன் வலக்கையை விரித்து அதன் பக்கத்தில், மேசையில் வைத்தார்.

மோதிர விரலில் நுனி இல்லை. பதினொரு வயதில், பேசாலைக் கடற்கரையில் கரைவலை இழுத்தபோது கயிறு சுற்றிப் பிடித்துக்கொண்டு போன நுனி. அதிகாரி பூதக்கண்ணாடிக்குள் குனிந்தார். மனோன்மணியின் தோளில் கிடந்த கையில், மோதிர விரல் சின்ன விரலை விடக் கட்டையாக இருந்தது.

"முகம் அவன்ரை," என்றார் பெனடிக்ற்.  "அதைப் பொய்யெண்டு எழுதிப்போடாதேங்கோ. முகம் மட்டும் அவன்ரை. மிச்சம் நான்."

அதிகாரி பூதக்கண்ணாடியை விட்டு நிமிர்ந்து, மேசையில் கிடந்த கையைப் பார்த்தார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

மனோன்மணி கதிரையோடு முன்னால் நகர்ந்து வந்தாள். மேசையில் கிடந்த கையை எடுத்துத் தன் மடிக்குக் கொண்டுபோனாள். குட்டை விரலைத் தடவினாள். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். 

"கத்தரிக்காய் வேண்டாமெண்டு இலையை மறைச்சதும் நீங்களோ?"

"ஓம் அக்கா. எனக்கு ஒத்துக்கொள்ளாது."

"வாழைப்பழம்?"

"வீட்டை கொண்டுபோனனான். றோஸ்மேரியும் நானும் சாப்பிட்டனாங்கள்."

அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். மங்கை எழும்பி வந்து முதுகில் கை வைக்க, அதைத் தட்டிவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்து சேலையில் விழுந்தது. துடைக்கவில்லை.

"அவனுக்குக் கத்தரிக்காய் எண்டால் உயிர்," என்று தனக்குத்தானே சொன்னாள். "நான் வீணா அவன் மாறிப்போட்டான் எண்டு நினைச்சுப்போட்டன்."

பிறகு நிமிர்ந்து அந்தக் கண்டிப் பிள்ளையைப் பார்த்தாள்.

"எழுதச் சொல்லு, பிள்ளை. என்ரை மகன் நடராசா அகிலன் தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு வரேல்லை. அவன்ரை இடத்தை விட்டு வைச்சிருந்தனான். வரேல்லை. தொண்ணூறாம் ஆண்டு ஆவணி நெல்லோடை போனவன். மிசின் வந்தது, நெல்லு வந்தது, அவன் வரேல்லை. நான் சொன்ன மாதிரியே சொல்லு. குறைக்காதை."

அந்தப் பிள்ளை இந்தத் தரம் குறைக்கவில்லை. அவள் சொன்ன நேரத்தைவிடக் கூடவே எடுத்தது. அதிகாரி எழுதினார். எழுதி முடித்துவிட்டு வெற்றிடப் படத்தைக் கோப்பில் வைத்து ஊசி குத்தினார். மலரின் முப்பத்தோராம் பக்கத்தில், வரிசையில் இருந்த அகிலனின் பெயருக்குப் பக்கத்தில் முகம் மட்டும் என்று எழுதி ஒப்பம் வைத்தார். கோப்பு மூடப்படாது என்றார்.  

மூவரும் பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். மங்கை சோடா வாங்கப் போனாள்.

"சுவரிலை கிடக்கிற படத்தைக் கழட்டித் தாங்கோ அக்கா," என்றார் பெனடிக்ற். "முகத்தை மட்டும் வெட்டி, பெருப்பிச்சுக் கொண்டுவந்து தாறன்."

மனோன்மணி வெயிலில் நின்ற கழுதைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"வேண்டாம். கிடக்கட்டும்," என்றாள். "அந்த இடத்திலை நிக்க வேறை ஆரும் வரேல்லைத்தானே."

அடம்பன் பஸ் வந்தது. படி உயரம். பெனடிக்ற் அவளுக்குப் பிடிக்கக் கை கொடுத்தார். அவரை அறியாமலே இடக்கையைத்தான் நீட்டியிருந்தார். வலக்கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

மனோன்மணி ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றாள்.

"மற்றக் கையைத் தாங்கோ, தம்பி," என்றாள்.